இளவட்டக்கல்லும் சுமைதாங்கியும்: தமிழர் வலிமைப் பயிற்சியில் அளவும் ஆறுதலும்

முன்னுரை

தென்தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் உடல்வலியோடு தொடர்புடைய கற்கள் இரண்டு உண்டு. ஊர்ப்பொதுவிடத்தில் கிடக்கும் உருண்டைக்கல் ஒன்று. அதனை இளவட்டக்கல் என்பர். ஊர்ப்புறத்து வழியோரத்தில் இரு தூண்களின்மேல் கிடையாக வைக்கப்பட்ட கல் மற்றொன்று. அதனைச் சுமைதாங்கி என்பர். முன்னது தூக்குதற்கு உரியது. பின்னது இறக்குதற்கு உரியது. தமிழர் வீரத்தைப் பேசுவோர் முன்னதைத் தவறாது சுட்டுவர். பின்னதனை அறச்செயல்களின் வரிசையில் வைத்துப் போற்றுவரேயன்றி, வலிமையின் வரலாற்றோடு சேர்த்து எண்ணுவது வழக்கமாக இல்லை.

இவ்விரண்டனையும் ஒருங்கு வைத்து நோக்கினாலன்றித் தமிழர் வலிமைப் பயிற்சியின் முழு வடிவம் புலப்படாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. வலிமை என்பது தூக்கும் நொடியில் மட்டும் அமைவதன்று. தூக்குதற்கும் இறக்குதற்கும் இடைப்பட்ட அளவிலும், இறக்கியபின் வரும் ஆறுதலிலும் அஃது அமைகிறது. இவ்வுண்மையைத் தமிழர் தனிநூலாக எழுதி வைத்திலர். ஆயினும் சொல்லிலும், செய்யுளிலும், கருவியிலும், கல்லிலும் அதனைப் பதித்து வைத்துள்ளனர்.

ஈண்டுச் சிறப்பாகக் கருதப்படும் நிலப்பகுதி விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசியை அடுத்த நாரணாபுரமும் அதனைச் சூழ்ந்த கரிசல் வட்டாரமும் ஆகும். நாராயணன் என்னும் பெயரின் தமிழ் வடிவமாகிய நாரணன் என்பதனோடு புரம் சேர்ந்தது இவ்வூர்ப்பெயர். மழையை நம்பிய வேளாண்மையும், சுமை சுமந்த வணிகமும், பின்னர்க் கைத்தொழிலும் மக்களின் உடலுழைப்பை மாறி மாறி உருவாக்கிய வட்டாரம் இது. ஆதலின், வலிமை எவ்வாறு வளர்க்கப்பட்டது, எவ்வாறு காக்கப்பட்டது, எங்கே வீணாயிற்று என்னும் வினாக்களை எழுப்புதற்கு ஏற்ற களமாக இது விளங்குகின்றது.

1. சொல்வழக்கு

முதற்கண் சொற்களை நோக்குவோம். வலிமையைக் குறிக்கத் தமிழில் வலி, உரம், மதுகை, மைந்து, மொய்ம்பு, திறல் முதலிய பல சொற்கள் உள. அவற்றுள் ஆற்றல் என்பது தனித்தன்மை உடையது. செய்யவல்ல திறன் என்பது அதன் பொருள்களுள் ஒன்று. பொறுத்தல் என்பது மற்றொன்று. வள்ளுவர் ஈகை அதிகாரத்தில் பசியைப் பொறுக்கும் தவத்தோர் வலிமையையும், அப்பசியை மாற்றும் ஈகையாளர் வலிமையையும் ஒப்பிடும் இடத்தில் இச்சொல்லை இவ்விரு பொருளும் தோன்ற ஆண்டிருத்தல் காண்க.

ஆற்றுதல் என்னும் வினைக்குத் தணித்தல், சூடு போக்குதல், இளைப்பு நீக்குதல் என்னும் பொருள்களும் உள. இது ஆறுதல் என்பதன் பிறவினை. காய்ந்த பால் ஆறும், புண் ஆறும், சினம் ஆறும், இளைத்தவன் இளைப்பாறுவான். செய்யவல்லமையைக் குறிக்கும் ஆற்றலும், தணிதலைக் குறிக்கும் ஆறுதலும் ஒரே வேரினவா, வேறு வேரினவா என்பது சொல்லாராய்ச்சியார் முடிவு செய்யவேண்டிய ஒன்று. ஓசை ஒப்புமை ஒன்றையே கொண்டு வேர் ஒன்றெனத் துணிதல் முறையன்று. ஆனால் வழக்கில் இவ்விரு பொருளும் ஒரு சொல்வடிவத்தில் வந்து கூடியுள்ளன என்பது மறுக்கவியலாதது. செயலாற்றுபவனும் களைப்பாற்றுபவனும் தமிழ்ச் செவிக்கு அயலாராகத் தோன்றுவதில்லை.

2. மற்போரும் ஏறுதழுவலும்

சங்க இலக்கியத்தில் உடல்வலியின் சிறந்த காட்சி ஆமூர் மல்லனோடு சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி செய்த மற்போராகும். இதனைச் சாத்தந்தையார் புறநானூற்று 80, 81, 82 ஆம் பாட்டுகளில் பாடியுள்ளார். 80 ஆம் பாட்டில் கிள்ளி தன் ஒருகாலை மல்லனின் மார்பில் ஊன்றி, மறுகாலால் அவன் முதுகை வளைத்து அடர்த்த நிலை சொல்லப்படுகிறது. 82 ஆம் பாட்டில் அப்போரின் விரைவு உவமையால் விளக்கப்படுகிறது. ஊரில் விழாத் தொடங்கிவிட்டது, மனைவியோ மகப்பேற்று நிலையில் இருக்கிறாள், மழை பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. இந்நிலையில் கட்டிலுக்கு வார் பின்னுபவன் கையிலுள்ள ஊசி எவ்வளவு விரைந்து செல்லுமோ, அதனினும் விரைந்தது அப்போர் என்பது புலவர் கூற்று.

இவ்வுவமை நமக்கு இரண்டு செய்திகளைத் தருகிறது. முதலாவது, போட்டிக்களத்தில் விரைவு போற்றப்பட்டது. இரண்டாவது, அவ்விரைவுக்கு உவமையாக வந்தது நெடுங்காலம் பழகிய தொழிலாளியின் கை. ஒருநாளில் வந்த விரைவன்று அது. ஆனால் கிள்ளி அத்திறனை எத்தனை ஆண்டுகளில், எவ்வகைப் பயிற்சியால், எவ்வளவு இடைவெளி விட்டுப் பெற்றான் என்பதைப் பாட்டுக் கூறவில்லை. கூறுதல் அதன் வேலையும் அன்று. புறப்பாடல்கள் வெற்றியின் நொடியைப் பதிப்பன. அதற்கு முன்னைய நாள்களைப் பதிப்பன அல்ல. எனவே, இலக்கியத்தில் ஓய்வு பேசப்படவில்லை என்பதனால் தமிழ் மறவர் ஓய்வின்றிப் பயின்றனர் என்று முடிவு செய்தல் பிழையாகும்.

முல்லைக்கலியிலும் இந்நிலையே. ஏற்றின் கோட்டுக்கு அஞ்சுபவனை ஆயர்மகள் மறுபிறப்பிலும் தழுவாள் என்னும் கருத்து அங்கே வருகிறது. ஏறு தழுவியவனுக்கே மகட்கொடை என்னும் இவ்வழக்கத்தோடு, இளவட்டக்கல்லைத் தூக்கியவனுக்குப் பெண் கொடுத்தனர் என்னும் பிற்கால நாட்டுவழக்கை இணைத்துப் பேசுவோர் உளர். இரண்டனுக்கும் கருத்தொற்றுமை உண்டு. ஆயினும் ஒன்றிலிருந்து மற்றொன்று தோன்றியது என்று கூறுதற்கு இடைக்காலச் சான்றுகள் வேண்டும். அவை கிடைக்கும்வரை ஒப்புமை என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே தக்கது.

களத்திற்குப் பிற்பட்ட நிலையைச் சில பாடல்கள் காட்டுகின்றன. புறநானூற்று 281 ஆம் பாட்டில் அரிசில்கிழார், புண்பட்ட வீரனைக் காக்கும் மகளிரின் செயல்களைக் கூறுகிறார். மனையில் இரவந்தழையும் வேப்பந்தழையும் செருகப்படுகின்றன, நறும்புகை எழுப்பப்படுகிறது, யாழும் பிறவும் இயம்பக் காஞ்சிப்பண் பாடப்படுகிறது. நெடுநல்வாடையில் பாண்டியன் நள்ளிரவிலும் துயிலாது புண்பட்டோரைக் கண்டு வருகிறான். புறத்திணை இலக்கணத்துள் கண்படைநிலை என்றொரு துறையே உண்டு. புறப்பொருள் வெண்பாமாலை, நிலத்தை வென்று கொண்ட வேந்தனின் துயிலை அத்துறைக்குப் பொருளாக்குகிறது. வெற்றிக்குப்பின் துயிலுதல் இழுக்கன்று; பாடுதற்குரிய பொருளே என இலக்கணம் ஏற்றுக்கொண்டமை இதனாற் பெறப்படும்.

3. வள்ளுவர் வகுத்த முறை

சங்கப் பாடல்கள் சொல்லாது விட்ட அளவினைத் திருக்குறள் சொல்லுகிறது. வலியறிதல் 48 ஆம் அதிகாரம். காலமறிதல் 49 ஆம் அதிகாரம். வலியை அடுத்தே காலம் வைக்கப்பட்டமை கருதத்தக்கது. இவை அரசியலுள் வந்தனவாதலின் அரசன் வினைக்கே முதற்கண் உரியன. எனினும் வள்ளுவர் எடுத்த உவமைகள் சுமையையும் உடலையும் பற்றியன. ஆதலின் அவற்றின் அடியில் உள்ள உலகியல் அறிவை நாம் தனியே பிரித்துக் காணலாம்.

மயிற்பீலி ஏற்றிய வண்டியும் அளவு மிகுந்தால் அச்சு முறியும் என்பது ஓர் உவமை. இதன் நுட்பம் பீலி என்னும் சொல்லில் உள்ளது. ஒவ்வொரு பீலியும் மென்மையானது, எந்த ஒரு பீலியும் அச்சை முறிக்கவில்லை, முறித்தது தொகை. மரக்கிளையின் நுனிவரை ஏறியவன் அதனையும் கடந்து ஏற முயன்றால் உயிரிழப்பான் என்பது மற்றோர் உவமை. முன்னது சிறிது சிறிதாகச் சேரும் மிகையைக் குறிக்கிறது. பின்னது எல்லை அறியாத ஒரே முயற்சியைக் குறிக்கிறது. வலிமைப் பயிற்சியில் நேரும் கேடுகளும் இவ்விரு வகையினவே. ஒருநாளில் தாங்கவியலாப் பளுவைத் தூக்கித் தசை கிழிதல் ஒருவகை. தாங்கக்கூடிய பளுவையே ஓய்வின்றிப் பன்னாள் தூக்கி மூட்டும் நாணும் தேய்தல் மற்றொருவகை.

காலமறிதலுள் வரும் ஆட்டுக்கடா உவமை இன்னும் நெருங்கியது. ஊக்கமுடையவன் காலம் பார்த்து ஒடுங்கியிருத்தல், பொருகின்ற கடா தாக்குதற்பொருட்டுப் பின்வாங்குதலை ஒக்கும் என்பார் வள்ளுவர். பின்வாங்காத கடாவின் முட்டில் விசை இராது. ஆகவே பின்வாங்குதல் தாக்குதலின் எதிர்மறையன்று, அதன் முதற்பகுதி. ஓய்வைப் பயிற்சியின் இன்மை என்று கருதாது, பயிற்சியின் உறுப்பு என்று கருதுதற்கு இதனினும் தெளிவான உவமை கிடைத்தல் அரிது.

மருந்து என்னும் 95 ஆம் அதிகாரத்தில், முன் உண்டது செரித்தமை அறிந்து பின் உண்பவனுக்கு மருந்தே வேண்டாம் என்னும் கருத்து வருகிறது. உணவுக்குச் சொல்லப்பட்ட இவ்விதி உழைப்புக்கும் பொருந்தும். முன்செய்த முயற்சியை உடல் ஏற்றுத் தன்மயமாக்கிய பின்னரே அடுத்த முயற்சி பயன்தரும். செரியாமுன் உண்ட உணவு நோயாவது போல, ஆறாமுன் செய்த பயிற்சியும் நோயாகும்.

அச்சினைப் பற்றிய செய்தி ஒன்றனை ஈண்டு ஒப்பிடலாம். புறநானூற்று 102 ஆம் பாட்டில் ஔவையார், பொகுட்டெழினியை உமணர் தம் வண்டியின்கீழ்க் கட்டிச் செல்லும் சேம அச்சுக்கு உவமிக்கிறார். மேடும் பள்ளமும் உள்ள நெடுவழியில் உப்பு ஏற்றிச் செல்லும் வணிகர், ஏறிய அச்சு முறியுமாயின் உதவுதற்கு வேறோர் அச்சினைக் கொண்டு சென்றனர். பளுவை முழுதும் தாங்கும் உறுப்பு ஒன்றனை மட்டும் நம்பாது, எஞ்சிய வலி ஒன்றனை இருப்பில் வைத்துச் செல்லும் அறிவு தமிழ் வழிநடையில் தொன்றுதொட்டே இருந்தது என்க.

4. இளவட்டக்கல்

இளவட்டம் என்பது தென்பாண்டி வழக்கில் இளைஞரைக் குறிக்கும் சொல். இளவட்டக்கல்லைக் கல்யாணக்கல் என்றும் வழங்குவர். அது பெரும்பாலும் நூறு கிலோ அளவிலோ அதற்கு மேற்பட்டோ எடையுள்ளது; வழுவழுப்பானது; பிடிப்பதற்குக் குழியோ கைப்பிடியோ அற்றது. அதனைத் தூக்குதல் கைவலியால் மட்டும் ஆவதன்று.

தூக்கும் முறையை நோக்கின் அது படிநிலைகளை உடையது என்பது விளங்கும். முதலிற் குந்தி அமர்ந்து, இருகைகளாலும் கல்லின் அடியை அணைத்தல். அடுத்து அதனை நிலத்தினின்று பெயர்த்து மடியில் ஏற்றுதல். பின் மடியினின்று நெஞ்சுக்கு உருட்டி எழுதல். பின் தோளுக்கு ஏற்றுதல். இறுதியில் முதுகுப்புறமாகக் கீழே விடுதல். இவற்றுள் மடியில் ஏற்றும் நிலை இன்றியமையாதது. அங்கே கல் இறக்கப்படுவதில்லை. ஆயினும் கையின் பளுவைத் தொடை வாங்கிக்கொள்கிறது. தூக்குபவன் மூச்சு வாங்கி, பிடியை மாற்றி, அடுத்த முயற்சிக்கு ஆயத்தமாகிறான். கல்லை நிலத்தினின்று நேரே தோளுக்கு இழுக்க முயல்பவன் தோற்பான். மடியில் நிறுத்தி எழுபவனே வெல்வான். எனவே, வலிமையின் தேர்வு எனக் கருதப்படும் இவ்விளையாட்டின் நடுவிலேயே ஓர் இளைப்பாறும் நிலை அமைந்துள்ளது.

மற்றொன்றும் குறிப்பிடத்தக்கது. திருநெல்வேலி மாவட்டத்து வடலிவிளையில் பொங்கலையொட்டி நடைபெறும் இளவட்டக்கல் போட்டியில், ஒன்றினொன்று எடை மிகுந்த பல கற்கள் வைக்கப்படுகின்றன, மகளிரும் கலந்துகொள்கின்றனர். சிறிய கல்லினின்று பெரிய கல்லுக்குச் செல்லும் இவ்வரிசையே ஒரு பாடத்திட்டம். இன்று சிறுகல்லைத் தூக்கியவன் பெருங்கல்லைத் தூக்க ஓராண்டோ பல ஆண்டோ காத்திருக்கலாம். அவன் காத்திருக்கும் காலத்தில் கல் மாறுவதில்லை, அவன் மாறுகிறான். விழா ஆண்டுக்கொருமுறை வருதலின், தேர்வு அரிதாகவும் ஆயத்தம் நெடிதாகவும் அமைகின்றன. நாள்தோறும் தன் உச்ச வலிமையைச் சோதிக்கும் வழக்கம் இம்முறையில் இல்லை.

5. சுமைதாங்கியும் பேட்டையும்

இனி இரண்டாவது கல்லை நோக்குவோம். சுமைதாங்கி ஏறத்தாழ ஓர் ஆளின் தோள் உயரத்தில் அமைக்கப்படும். அவ்வுயரமே அதன் பொருள். தலையில் சும்மாடு வைத்துப் பெருஞ்சுமை தாங்கி வருபவன் தனியே வழிநடக்கிறான். அதனை நிலத்தில் இறக்கினால் மீண்டும் தலைக்கு ஏற்ற வேறோர் ஆளின் உதவி வேண்டும். தனியே ஏற்ற முயன்றால் முதுகு முறியும். சுமைதாங்கியிலோ, நின்றபடியே சுமையைத் தலையினின்று கல்லுக்கு நகர்த்தலாம். இளைப்பாறியபின் நின்றபடியே கல்லினின்று தலைக்கு நகர்த்தலாம். இறக்குதலும் ஏற்றுதலும் ஆகிய இரண்டு பெருமுயற்சிகளை அக்கல் மிச்சப்படுத்துகிறது. இளவட்டக்கல்லைத் தூக்குபவனுக்கு மடி செய்த உதவியை வழிநடப்பவனுக்குச் சுமைதாங்கி செய்கிறது எனலாம்.

கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டும் வழக்கம் தமிழ்நாட்டில் பரவலாக இருந்தது. வயிற்றுச் சுமையை இறக்காமலே மறைந்தவள் பொருட்டு, பிறர் சுமையை இறக்க ஒரு கல் நாட்டப்பட்டது. சில கற்களில் அவள் பெயரும் நாட்டிய ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. ஆவுரிஞ்சுதறி, தண்ணீர்ப்பந்தல், வழிமரம் ஆகியவற்றோடு ஒப்ப வைத்து எண்ணத்தக்க அறம் இது. இவ்வறத்தின் உட்பொருளையும் நாம் நோக்கவேண்டும். ஒருவனுடைய இளைப்பு அவன் ஒருவனுக்கே உரிய குறை என்று கருதப்படவில்லை. அதனை ஆற்றுதற்கு ஊரார் கடமைப்பட்டனர். வலிமை தனியொருவனது புகழாக இருந்தது; ஓய்வு ஊரின் பொறுப்பாக இருந்தது.

விருதுநகர், சிவகாசி வட்டாரத்தில் இப்பொறுப்பு வணிக அளவிலும் வளர்ந்தது. பழைய இராமநாதபுரப் பகுதியின் சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் நாடார் வணிகர் பேட்டைகளை அமைத்தனர் என்பதை இராபர்ட் ஆர்ட்கிரேவ் 1969 இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலில் விரித்துரைத்துள்ளார். பேட்டை என்பது மதில் சூழ்ந்த தங்குமிடம். பொதிமாடுகளும் வண்டிகளும் அங்கே நின்றன. சரக்குக் காவலில் இருந்தது. ஆளும் மாடும் இளைப்பாறின. மகமை என்னும் பொதுநிதியால் அது பேணப்பட்டது. ஒரு பேட்டையினின்று மறு பேட்டைக்கு என வணிகப்பயணம் பகுத்து அமைக்கப்பட்டது. நெடுவழியை ஒரே மூச்சில் கடக்க முயன்ற வணிகம் அன்று இது. தங்கித் தங்கிச் சென்றமையாலேயே நெடுந்தொலைவு சென்ற வணிகம். விருதுபட்டி என வழங்கிய ஊர் 1923 இல் விருதுநகர் எனப் பெயர் பெறும் அளவுக்கு வளர்ந்தமைக்கு இவ்வமைப்பும் ஒரு காரணம் எனல் மிகையாகாது.

6. கருவியில் அமைந்த இடைவெளி

வழியில் மட்டுமன்று, வேளாண் கருவியிலும் இவ்வளவு அமைந்திருந்தது. கரிசல் நிலக் கிணறுகளில் நீர் இறைக்கப் பயன்பட்ட கமலையை எடுத்துக்கொள்வோம். மாடுகள் சரிவில் இறங்கும்போது நீர்நிறைந்த சால் மேலே வரும். நீர் கொட்டியபின் அவை பின்னோக்கிச் சரிவில் ஏறும்போது வெறுஞ்சால் கிணற்றுள் இறங்கும். பளுவுள்ள நடை ஒன்று, பளுவற்ற நடை ஒன்று என மாறி மாறி வருமாறு கருவியே அமைந்துள்ளது. பளுவுள்ள நடை இறக்கத்தில் வைக்கப்பட்டிருத்தலும் கருதத்தக்கது. மாட்டை விரட்டுபவன் எவ்வளவு விரும்பினாலும் அந்த இடைவெளியை நீக்க இயலாது.

உலக்கையிடுதலும் இத்தகையதே. இருவர் ஓர் உரலில் மாறி மாறிக் குற்றும்போது ஒருத்தியின் உலக்கை விழுங்கால் மற்றவளின் உலக்கை எழுகிறது. வள்ளைப்பாட்டு இம்மாற்றத்தைக் காக்கும் தாளமாகும். குறிஞ்சிக்கலியில் மகளிர் இருவர் மாறி மாறிப் பாடிக் குற்றுதலும், சிலப்பதிகார வாழ்த்துக்காதையில் மூவேந்தரையும் பாடும் வள்ளைப்பாட்டும் இலக்கியத்தில் இடம்பெற்ற சான்றுகள். நீர் இறைப்போர் பாடிய ஏற்றப்பாட்டில் சால்களின் எண்ணிக்கையும் சேர்ந்து வந்தது. தொழிற்பாடல்கள் களைப்பை மறக்கச் செய்தன என்று கூறுவது வழக்கம். அஃது ஒரு பாதி உண்மையே. அவை வேகத்தை அளந்தன. மூச்சுக்கு இடம் வைத்தன. எண்ணிக்கையால் எல்லை குறித்தன என்பது மறுபாதி.

7. உருசிய இரும்புக்குண்டு: ஓர் ஒப்புநோக்கு

பளுவின் நடுவே இளைப்பாறும் இந்நெறி தமிழர்க்கே உரியது என்று கூறுதல் நம் நோக்கமன்று. பிறநாட்டு வழக்கம் ஒன்றனோடு ஒப்பிட்டால் இதன் இயல்பு மேலும் தெளிவாகும். இன்று நம் நகரத்து உடற்பயிற்சிக் கூடங்களிலும் காணப்படும் கெட்டில்பெல் என்னும் கைப்பிடியுள்ள இரும்புக்குண்டு உருசிய நாட்டினின்று வந்தது. அங்கே அதன் பெயர் கிர்யா. தொடக்கத்தில் அஃது உடற்பயிற்சிக் கருவி அன்று; தானியச் சந்தையில் பயன்பட்ட எடைக்கல். அதன் அலகாகிய பூட் என்பது 40 உருசியப் பவுண்டு. இக்கால அளவில் 16.38 கிலோ. நம் பழைய சென்னை வழக்கில் 40 பலம் ஒரு வீசை. 8 வீசை ஒரு மணங்கு. மணங்கு ஏறத்தாழ 11.34 கிலோ. அக்கணக்கில் ஒரு பூட் பதினொன்றரை வீசைக்குச் சற்று மிகும். சந்தையில் எடைக்கல்லைத் தூக்கிப் பழகியவர்களின் விளையாட்டே பின்னர்ப் பயிற்சியாயிற்று.

மருத்துவர் விளாதிசுலாவ் கிராயெவ்சுகி 1885 இல் சென்பீட்டர்சுபர்க்கில் பளுதூக்குவோர் குழு ஒன்றனைத் தொடங்கினார். சோவியத்து ஒன்றியத்தில் 1948 இல் போட்டி நடைபெற்றது. 1985 இல் இலிபெத்சுக் நகரில் ஒன்றிய அளவிலான முதற்போட்டி நடந்தது. இன்று போட்டியிற் பயன்படும் 16, 24, 32 கிலோ எடைகள் முறையே ஒன்று, ஒன்றரை, இரண்டு பூட் அளவினவாகும்.

இப்போட்டியின் விதி நம் ஆய்வுக்கு நேரே பயன்படுவது. வீரர் 10 நிமிடங்களுக்குள் எத்தனை முறை குண்டினைத் தலைக்குமேல் உயர்த்துகிறார் என்பதே கணக்கு. இடையில் அதனைக் கீழே வைத்தால் ஆட்டம் முடிந்தது. ஆனால் குண்டுகளை நெஞ்சருகே தாங்கி, முழங்கைகளை இடுப்பின்மேல் ஊன்றி இளைப்பாறலாம். தலைக்குமேல் கை நேராக நிற்கும்போதும் ஒரு மூச்சு வாங்கலாம். முதல் இரண்டு நிமிடங்களில் விரைந்தவர் பிற்பகுதியில் கைப்பிடி தளர்ந்து குண்டினை இறக்க நேரிடும். நிமிடத்திற்கு இத்தனை என முன்னரே வகுத்துக்கொண்டு, ஒவ்வொரு தூக்கலுக்கும் இடையில் நெஞ்சருகே இளைப்பாறுபவர் இறுதிவரை நிற்பார்.

இளவட்டக்கல்லுக்கு மடி, வழிநடைச் சுமைக்குத் தோளுயரக் கல், இரும்புக்குண்டுக்கு நெஞ்சும் இடுப்பும். மூன்றிடத்தும் நெறி ஒன்றே. இதனை இறக்காது இளைப்பாறல் என்று பெயரிடலாம். பேட்டையில் தங்குதல், விழாவுக்கும் விழாவுக்கும் இடையே காத்திருத்தல் போன்றவற்றை இறக்கி இளைப்பாறல் எனலாம். முன்னது முயற்சியின் உள்ளே அமைவது. பின்னது முயற்சிகளுக்கு இடையே அமைவது. இவ்விரண்டும் கூடியதே அளவு.

8. உடலியல் காட்டும் காரணம்

இக்கால உடலியல் இவ்வழக்கங்களுக்குக் காரணம் காட்டுகிறது. கடுமுயற்சியில் தசைக்கு உடனடியாக உதவும் பாசுபோகிரியேட்டின் என்னும் பொருள் சில நொடிகளிலேயே பெரிதும் குறைகிறது. ஓய்வில் 3 முதல் 5 நிமிடங்களில் அதன் பெரும்பகுதி மீள்கிறது. தசையில் சேமிக்கப்பட்ட கிளைக்கோசன் மிகுதியும் செலவானால், தக்க உணவோடு அது நிறைய ஏறத்தாழ ஒருநாள் ஆகும். பயிற்சிக்குப்பின் தசைப்புரதம் கட்டப்படும் பணி 24 முதல் 48 மணிநேரம் வரை மிகுந்திருக்கும். தசையினும் நாண்கள் மெல்லவே வலுப்பெறும். ஆதலின் தசை ஏற்றுக்கொண்ட பளுவை நாண் ஏற்றுக்கொள்ளாத காலம் ஒன்று உண்டு. இளைஞர் காயமுறுவது பெரும்பாலும் அக்காலத்தே.

ஆன்சு செலியே 1936 இல் உடல் தன்மேல் வரும் நெருக்கடியை எதிர்கொள்ளும் மூன்று நிலைகளை வகுத்தார்: எச்சரிப்பு, எதிர்த்து நிற்றல், தளர்ச்சி. இரண்டாம் நிலையிலேயே உடல் வலுப்பெறுகிறது. நெருக்கடி இடையறாது நீளின் மூன்றாம் நிலை வந்துவிடுகிறது. இதனைப் பயிற்சிக்கு ஏற்றி, ஆண்டினைக் கடும்பயிற்சிக் காலம், மென்பயிற்சிக் காலம் எனப் பகுக்கும் முறையை 1960களில் உருசிய அறிஞர் மத்வேயெவ் விரித்துரைத்தார். உழவும் விழாவும் மாறி வந்த ஆண்டினைக் கொண்ட நம் சிற்றூரார் அத்தகைய பகுப்பினைப் பருவத்தினின்றே பெற்றிருந்தனர்.

9. இக்கால நிலை

நாரணாபுரமும் சிவகாசிச் சுற்றுப்புறமும் இன்று தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில்களால் அறியப்படுகின்றன. 1922 இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்ற அய்ய நாடாரும் சண்முக நாடாரும் திரும்பிவந்து 1923 இல் அதனைச் சிவகாசியில் தொடங்கினர். இத்தொழில்களால் வட்டாரம் வாழ்வு பெற்றது என்பதில் ஐயமில்லை. ஆயின் உழைப்பின் அளவுகோல் மாறியது. கமலையில் வேகத்தைக் கருவி வரையறுத்தது. உலக்கையிற் பாட்டு வரையறுத்தது. செய்த எண்ணிக்கைக்குக் கூலி என்னும் முறையிலோ வேகத்தை வரையறுப்பது தேவை ஒன்றே. அம்முறையில் இளைப்பாறும் ஒவ்வொரு நிமிடமும் கூலியிழப்பாகத் தோன்றும். உராய்வுக்கும் வெப்பத்துக்கும் அஞ்சவேண்டிய பொருள்களைக் கையாளும் தொழிலில் விரைவும் களைப்பும் கூடினால் விளைவு தசைவலியோடு நிற்பதில்லை. உயிரிழப்பு வரை செல்லும்.

சட்டம் இதனை உணர்ந்திருந்தது. 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்திற்கு 48 மணிநேர எல்லையையும், தொடர்ந்து 5 மணிநேரத்திற்கு மேற்படாமல் குறைந்தது அரைமணிநேர இடைவேளையையும் விதித்தது. காயம் விளைக்கக்கூடிய மிகுபளுவைத் தூக்கச் செய்தலையும் தடுத்தது. பன்னாட்டுத் தொழில் அமைப்பு 1967 இல் வெளியிட்ட பரிந்துரை, வளர்ந்த ஆடவர் கையால் சுமக்கும் பளுவுக்கு 55 கிலோவை மேலெல்லையாகக் கூறியது. ஒரு பெண்ணின் நினைவாக ஊரார் நாட்டிய கல்லின் பணியையே இவ்விதிகள் வேறு வடிவில் செய்ய முற்பட்டன. கல் வழியோரத்தில் நின்றமையால் எல்லார்க்கும் பயன்பட்டது. விதி ஏட்டில் மட்டும் நிற்குமாயின் யார்க்கும் பயன்படாது.

வலிமையை விரும்பும் இளைஞர் நிலையும் எண்ணத்தக்கது. பகலில் உடலுழைப்புச் செய்து, மாலையில் இரும்பு தூக்குபவனுக்கு இரண்டும் ஒரே உடலின் செலவே ஆகும். வேலையிற் செலவான வலியைப் பயிற்சிக் கணக்கில் சேர்க்காதவன், அச்சு முறியும்வரை பீலி ஏற்றுபவனாவான். கிராமத்து முதியோர் இளவட்டக்கல்லைப் பற்றிப் பேசுங்கால் தூக்கியவன் பெயரை மட்டும் கேட்டுப் பதிவு செய்யாது, அவன் எவ்வாறு பழகினான், எந்நாளில் தூக்கவில்லை, எதனை உண்டான், எவ்வளவு உறங்கினான் என்பனவற்றையும் ஆய்வு மாணவர் கேட்டுத் தொகுத்தல் வேண்டும். நாட்டுப்புற வழக்காற்று ஆராய்ச்சியில் வெற்றிக்கதைகள் நிறைந்துள்ள அளவுக்குப் பயிற்சிச் செய்திகள் இடம்பெறவில்லை. சொல்லுவோர் உள்ள காலத்திலேயே இப்பணி நடைபெறுதல் நன்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன இவை.

ஒன்று: சங்கப் பாடல்கள் வலிமையின் வெளிப்பாட்டைப் பாடின, பயிற்சியின் அளவை அவற்றிற் காண இயலாமை, அவ்வளவு இல்லாமைக்குச் சான்றாகாது.

இரண்டு: திருக்குறள் வலியையும் காலத்தையும் அடுத்தடுத்து வைத்து, மிகைப்பளுவின் கேட்டையும் பின்வாங்குதலின் பயனையும் உவமைகளால் உணர்த்துகிறது.

மூன்று: இளவட்டக்கல், சுமைதாங்கி, பேட்டை, கமலை, உலக்கை ஆகியன முயற்சியின் உள்ளும் முயற்சிகளுக்கு இடையிலும் இளைப்பாறுதலை அமைத்துக்கொண்ட வழக்கங்கள். உருசிய இரும்புக்குண்டுப் பயிற்சியும் இந்நெறியோடு ஒத்துச் செல்கிறது.

நான்கு: பழைய சிற்றூர் அமைப்பில் ஓய்வு என்பது தனிமனிதனின் சலுகை அன்று; ஊர் செய்துகொடுத்த ஏற்பாடு. எண்ணிக்கைக் கூலியும் தனிமுறைப் பயிற்சியும் பெருகிய இக்காலத்தில் அவ்வேற்பாட்டினை யார் செய்வது என்பதே நம்முன் நிற்கும் வினா.

சாலைகள் அகலப்படுத்தப்படும்போது சுமைதாங்கிகள் பெயர்த்தெறியப்படுகின்றன. எஞ்சியுள்ளவற்றின் இடம், உயரம், எழுத்து, ஆண்டு ஆகியவற்றை ஊர்தோறும் குறித்துத் தொகுக்கும் பணியைத் தமிழ்த்துறைகளும் வரலாற்றுத்துறைகளும் இணைந்து மேற்கொள்ளல் வேண்டும். இளவட்டக்கல்லின் பட்டியலோடு சுமைதாங்கியின் பட்டியலும் சேரும்போதுதான் தமிழர் வலிமை வரலாறு நிறைவு பெறும்.